ஆபரேஷன் இல்லைதான், திருகாணி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், குறுகிய மேல்தாடையைப் பெரியவர்களுக்கும் ஆபரேஷன் இல்லாமல் விரிக்கலாம் என்று வந்த கட்டுரையைப் படித்தேன். தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்தச் சிகிச்சையில்தான் நானும் இருக்கிறேன். இதை எழுதும்போதுகூட நாக்கு நுனி அண்ணத்தில் இருக்கும் உலோகத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறது. ஆனால் ‘ஆபரேஷன் இல்லாமல்’ என்ற அதே வார்த்தையை நம்பித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஏமாந்தேன். கட்டுரையில் விட்டுப்போனது எது என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வயது 31. மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. சின்ன வயதில் இருந்தே வாயைத் திறந்துதான் தூங்குவேன். மேல் பல்வரிசை கூம்பிப்போய், கடிக்கும்போது வலதுபக்க மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய் விழும். பெட்டிக்குள் மூடி விழுந்த மாதிரி. “மக்ளே, உனக்க வாய்க்குள்ள என்ன கோபுரமா கெட்டி வச்சிருக்கு?” என்று பாட்டி அண்ணாந்து பார்க்கச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்ததோடு சரி, யாரும் டாக்டரிடம் காட்டவில்லை.

29 வயதில் போன ஒரு கிளினிக்கில், கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் பிளேட் ஒன்றைக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு திருகு. வாரம் ஒருமுறை குட்டிச் சாவியால் திருப்ப வேண்டும். இது நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் பழைய முறை, பயப்படாதீர்கள் என்றார்கள். பொய்யில்லை. 1860-ல் சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் இப்படித் திருகு வைத்து மேல்தாடையை விரித்திருக்கிறார். அவர் விரித்தது 14 வயதுப் பெண்ணுக்கு என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வயதுதான் விஷயமே. மேல்தாடை இரண்டு பாதி. அண்ணத்தின் நடுக்கோட்டில் சேர்கின்றன. பிள்ளைகளுக்கு அந்தச் சேர்க்கை இளக்கமாக இருக்கும். பல்லைப் பிடித்துத் தள்ளினாலே விலகிக் கொடுக்கும், விலகிய இடத்தில் புது எலும்பு வளரும். வயது ஏற ஏற இரண்டு ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து இறுகிவிடும். இறுகிய பிறகு பல்லைத் தள்ளினால் எலும்பு அசையாது, பல்தான் வெளிப்பக்கம் சாயும். எனக்கு நடந்தது அதுதான். எட்டு மாதத்தில் கண்ணாடியில் பார்க்கப் பல்வரிசை அகலமாகத்தான் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் பச்சைத் தண்ணீர் பட்டாலே கூச ஆரம்பித்தது. கடைவாயில் ஈறு இறங்கி, பல்லின் வேர் மஞ்சளாகத் தெரிந்தது. இறங்கிய ஈறு தானாக ஏறாது.

பெரிய வைத்தியம் என்றால் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுவது நம் ஊர்ப் பழக்கம். நானும் ஏறினேன். அங்கே வாயில் கை வைப்பதற்கு முன்பே முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு எப்போது இறுகும் என்பது ஆளுக்கு ஆள் மாறுமாம், வயதை மட்டும் கேட்டுச் சொல்லிவிட முடியாது. என் நடுக்கோடு நெளிந்து நெளிந்து இன்னும் தெரிந்தது, அதாவது முழுக்க இறுகிவிடவில்லை. “முயன்று பார்க்கலாம். விலகவில்லை என்றால் ஆபரேஷன்தான்” என்றார் டாக்டர். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே அவரை நம்பினேன்.

அவர் செய்த சிகிச்சைக்கு மார்ப்பி (MARPE) என்று பெயர். 2010-ல் கொரிய மருத்துவர்கள் எழுதிய பிறகு பரவியதாம். விரிக்கும் திருகை அண்ணத்திலேயே நாலு குட்டித் திருகாணிகளால் எலும்பில் பூட்டுகிறார்கள், அதனால் தள்ளும் பாரம் பல்லை விட்டு எலும்பின் மேல் விழுகிறது. மயக்க மருந்து கிடையாது, மரத்துப்போக ஊசி மட்டும். அண்ணத்தில் போடும் அந்த ஊசி இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் தோள் கூசுகிறது.

வீட்டுக்கு வந்து தினமும் ராத்திரி தங்கச்சி செல்போன் டார்ச் பிடிக்க, அம்மா சாவியைத் திருப்புவாள். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர்கூட வராது. பன்னிரண்டாம் நாள் மூக்குத் தண்டுக்கு அடியில் ‘சடக்’ என்றது. அம்மா சாவியைக் கீழே போட்டுவிட்டாள். இரண்டு நாளில் முன்பல் இரண்டுக்கும் நடுவில் தபால் அட்டை நுழைந்தது, அடுத்த வாரம் ஒரு ரூபாய் நாணயம். பிளேட் போட்ட எட்டு மாதத்தில் இந்த இடைவெளி வரவே இல்லை. எலும்பு விலகியதற்கு இதுதான் அடையாளம் என்று டாக்டர் சொல்லி, ஸ்கேனிலும் காட்டினார்.

பள்ளிக்கூடத்துப் பாடு வேறு. ழ, ள, ண, ட எல்லாம் நாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொட்டும் வருடியும் வர வேண்டிய எழுத்துகள். அங்கேதான் உலோகம். தொல்காப்பிய அரங்கேற்றத்தைக் கேட்ட அதங்கோட்டாசானின் ஊர் என்று நாம் பெருமை பேசும் அதங்கோடு பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே ஒரு தமிழ் டீச்சர் ‘வாழைப்பழம்’ சொல்ல முடியாமல் நின்றேன். சொல்லத்தான் முடியவில்லை, தின்ன முடிந்தது. மூன்று வாரம் மட்டிப்பழமும் கஞ்சியும்தான்.

திருப்புவது சில வாரத்தில் முடிந்தது. புது எலும்பு இறுகும்வரை ஆறு மாதம் கருவி அப்படியே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு அப்புறம் கிளிப் போட்டு முன்பல் இடைவெளியை மூட வேண்டும். திருகாணி ஆடிப்போகலாம், அண்ணம் வீங்கலாம், ஒருபக்கம் அதிகமாக விலகலாம், விலகாமலே போகலாம். வயது கூடக் கூட, அதிலும் ஆண்களுக்கு, விலகாமல் போகும் வாய்ப்பு அதிகம். இதில் ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லை. குறட்டை நின்றுவிடும் என்று மட்டும் இருந்தது. எனக்கு மூச்சு கொஞ்சம் லேசானது உண்மை. அதற்காகக் குறட்டைக்கெல்லாம் இதுவே மருந்து என்றால் எப்படி? தூக்கப் பரிசோதனை செய்யாமல் அதை யார் சொல்வது? (நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைத்தாலே தாடை விரியும் என்று ரீல்ஸ் பார்த்துவிட்டு, கேள்வி கேட்டால் வாய் திறக்காமல் தாடையைத் தடவிக் காட்டும் பத்தாம் வகுப்புப் பையன்களைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.)

அடுத்த முறை இதைப் பற்றிப் போடும்போது, கருவி தள்ளப்போவது பல்லையா எலும்பையா என்று டாக்டரிடம் கேட்கும்படியும், ஸ்கேன் பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம் என்றும் இரண்டு வரி சேருங்கள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் நடந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு பையன் எப்போதும் வாயைத் திறந்தபடியே பாடம் கேட்கிறான், என்னைப் போலவே மேல் பல்வரிசை கூம்பி இருக்கிறது. இப்போதே பல் டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். “வளந்த பொறவு பாக்கலாம் டீச்சர். பெரிய ஆளுகளுக்கும் ஆப்பரேசன் இல்லாம செய்யலாம்னு பேப்பர்ல போட்டிருக்கே” என்றார்.

அவனுக்கு வயது 11.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.