கைவிடும்போது பாட்டையும் கொடுத்துவிடுங்கள்

இசை வெளியீட்டு நிறுவனங்களில் ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். ட்ரீம் பாப் என்று பெயரிட்டு நீங்கள் ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கும் இசையைப் பற்றித்தான் இந்த மடல். கிட்டார் எக்கோவிலும் ரிவெர்பிலும் கரைந்துபோக, பாடுகிறவரின் குரல் வாத்தியங்களுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் இசை. கிட்டார்க்காரர் கையை எடுத்த பிறகும் நாலைந்து விநாடி அறையில் ஒலி நிற்கும். அது அடங்கும்வரை ஒத்திகையில் யாரும் பேசமாட்டோம். ஆமாம், நானும் அப்படியொரு குழுவில் வாசித்தவன்தான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவை விலக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விற்கவில்லை, செலவு கட்டுப்படியாகவில்லை, சரி. ஆனால் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு அவர்களின் ஒலிப்பதிவை மட்டும் ஏன் உள்ளேயே வைத்துப் பூட்டுகிறீர்கள்?

இந்த இசை மெதுவாகப் பழுக்கும். ஸ்லோடைவ் கதை உங்களுக்கே தெரியும். 1989இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் தொடங்கிய குழு. கிரியேஷன் நிறுவனத்துக்கு மூன்று ஆல்பங்கள் செய்து கொடுத்தது. 1993இல் வந்த இரண்டாவது ஆல்பத்தைப் பற்றி மெலடி மேக்கர் என்ற இசைப் பத்திரிகையில் எழுதிய விமர்சகர், இதை மறுபடி கேட்பதைவிடத் தொட்டி நிறைய ஓட்ஸ் கஞ்சியில் மூச்சுமுட்டிச் சாகலாம் என்கிற அளவுக்குப் போனார். அடுத்த வருஷமே அதே கிரியேஷனில் ஒயாசிஸ் குழுவின் முதல் ஆல்பம் வந்து, எல்லாருடைய காதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 1995இல் மூன்றாவது ஆல்பம் கடைக்குப் போன கொஞ்ச நாளில் ஸ்லோடைவுக்கு விடை கொடுத்தாகிவிட்டது. அப்புறம் 2014வரை அந்தப் பெயரில் மேடையே இல்லை. திரும்பி வந்தார்கள். 2017இல் ஒரு ஆல்பம், 2023இல் இன்னொன்று. கடைசி ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் 6ஆம் இடம் பிடித்தது. அந்தக் கஞ்சி விமர்சனத்தை இப்போது சிரிப்பதற்காகத்தான் எடுத்துச் சொல்கிறார்கள்.

பீச் ஹவுஸ் குழுவும் அப்படித்தான். 2004இல் அமெரிக்காவின் பால்டிமோரில் இரண்டு பேராகத் தொடங்கி, சிறிய நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆல்பம் போட்டு, 2010இல் மூன்றாவதில்தான் பரவலாகக் கவனம் பெற்றார்கள். 2015இல் அவர்கள் வெளியிட்ட ஒரு பாட்டு, சில வருஷம் கழித்துக் இணையத்தின் குட்டி வீடியோத் துணுக்குகளில் ஏறி, அது வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. உங்கள் காலாண்டுக் கணக்கில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

“வேண்டுமானால் மறுபடி பதிவுசெய்து கொள்ளுங்களேன்” என்று உங்களில் ஒருவர் என்னிடமே சொன்னார். முதலில், ஒப்பந்தமே அதைச் சில வருஷங்களுக்குத் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் முடியாது. எங்கள் பாட்டில் மொத்தம் மூன்று கார்டு, அதாவது கிட்டாரில் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு. அதைத் தாளில் எழுதினால் ஒரு பாட்டும் அங்கே இருக்காது. ஒலியைத் தாமதித்துத் திருப்பி ஒலிக்கும் பழைய டிலே பெடல் ஒன்று, அதன் குமிழ் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆம்ப்ளிஃபயர் படிக்கட்டில், மைக் மேல்மாடியில். பாடகிக்கு அன்று ஜலதோஷம் வேறு. இவ்வளவும் சேர்ந்ததுதான் பாட்டு. காக்டோ ட்வின்ஸ் குழுவின் பாடகி எலிசபெத் ஃப்ரேசர் பாடியதில் பாதி எந்த மொழி என்றே சொல்ல முடியாது. அந்த வரிகளை யாரும் எழுதிக் காப்பாற்ற முடியாது. ஒலிப்பதிவு போனால் பாடலே போயிற்று. அதனால்தான் மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவின் உரிமை எங்களுக்கு இவ்வளவு பெரிய விஷயம்.

எங்கள் கதை சின்னது. ஐந்து பாட்டு. கொஞ்சம் முன்பணம் வாங்கினோம். அந்த முன்பணமும் ஸ்டுடியோ வாடகையும் எங்கள் ராயல்டி பங்கிலிருந்துதான் கழிந்தன. முழுக்கக் கழிந்தும்விட்டன. வீட்டுக் கடனை அடைத்த பிறகும் பத்திரம் வங்கியிலேயே இருக்கும் என்றால் யாராவது கையெழுத்துப் போடுவார்களா? நாங்கள் போட்டோம், இருபத்திரண்டு வயசு. ஒப்பந்தம் முடிந்தது, நிறுவனம் கைமாறியது. ஒரு நாள் காலையில் பாட்டுக் கேட்கும் செயலியைத் திறந்தால் ஐந்து பெயரும் சாம்பல் நிறத்தில் இருந்தன. தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது: அதைக் கவனித்தவர் இப்போது வேலையில் இல்லையாம்.

ஒன்பது குழு தோற்றால்தான் ஒரு குழு ஜெயிக்கும், அந்தச் செலவை நாங்கள்தானே சுமக்கிறோம் என்பீர்கள். நியாயம்தான். ஜெயித்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஒன்பதுக்கும் விலையில்லை என்று முடிவு செய்தவர்கள் நீங்களேதான்.

கேலக்ஸி 500 குழுவினருக்கு இது வேறு விதமாக நடந்தது. 1991இல் அவர்களின் வெளியீட்டு நிறுவனமான ரஃப் ட்ரேட் திவாலானபோது, தங்கள் சொந்த மாஸ்டர்களைத் தாங்களே ஏலத்தில் வாங்க வேண்டியிருந்தது. குழுவும் அதே வருஷம் கலைந்துவிட்டது. ஆனால் டேப் கையில் இருந்ததால் 1996இல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக மறுபடி வெளியிட முடிந்தது. நிறுவனம் செத்தால் பாட்டு கிடைக்கும், உயிரோடு இருந்தால் கிடைக்காது என்பது விநோதமான ஏற்பாடு. அமெரிக்கச் சட்டம் சில நிபந்தனைகளோடு 35 ஆண்டு கழித்து உரிமையைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது. முப்பத்தைந்து வருஷத்தில் பாதிப் பேருக்குக் காதே சரியாகக் கேட்காது.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள், அவ்வளவுதான். குழுவை நீங்கள் விலக்கினால், முன்பணம் கழிந்த அன்றே மாஸ்டர் அவர்களுக்கு. ஒரு பதிவு இரண்டு வருஷம் எங்கேயும் கேட்கக் கிடைக்காமல் இருந்தால், முன்பணம் கழிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு. மிக்ஸிங்குக்கு முந்தைய தனித்தனித் தடங்களையும் சேர்த்துக் கொடுங்கள். வெறும் முடிந்த கோப்பை வைத்து ரொம்ப தூரம் போக முடியாது.

இப்படிக்கு,
ஒரு பழைய கிட்டார்க்காரன்

பி.கு.: எங்கள் ஐந்து பாட்டும் இருக்கிற ஹார்ட் டிஸ்க் உங்களில் யாரோ ஒருவரின் அலமாரியில்தான் இருக்கிறது. மேலே வெள்ளை டேப் ஒட்டி, நீல மார்க்கரில் கோணல் எழுத்தில் தேதி போட்டிருக்கும். எழுத்து என்னுடையது. தகவல் சொன்னால் போதும், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.