பெட்டியில் வராத நற்சாட்சி

கர்த்தருக்குள் பிரியமான அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். நான் இங்கே சுகமாயிருக்கிறேன். நீங்களும் அம்மாவும் தம்பியும் சுகமாயிருக்க நாள்தோறும் ஜெபிக்கிறேன். வந்து 14 மாதங்களாகியும், இங்குள்ள சபையில் எனக்கு என்ன ஊழியம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். சபையாருக்கு வாசித்துக் காட்ட ஓர் அறிக்கை அனுப்பும்படியும் சொல்லியிருந்தீர்கள். நேரமில்லாததால் நான் தாமதிக்கவில்லை. எதை எழுதுவது என்று தெரியாமல்தான் தாமதித்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அங்கே 9 வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவள் நான் என்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது. நம் போதகர் கொடுத்தனுப்பிய நற்சாட்சிக் கடிதத்தை இங்குள்ள போதகர் மரியாதையோடு வாசித்து, மடித்துத் தம் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு, "நல்லது சகோதரி, கொஞ்சகாலம் எங்களோடு இருங்கள்" என்றார். அந்தக் கொஞ்சகாலம் இன்னும் முடியவில்லை. ஆராதனை முடிந்தபின் நாற்காலிகளை அடுக்குவதும், திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவித் துடைத்து வைப்பதும்தான் இப்போதைக்கு என் பங்கு. முதல் சில மாதங்கள் மனம் குமைந்துகொண்டுதான் இருந்தேன்; உங்களிடம் மறைப்பானேன்? சபையில் பணிவிடை செய்யும் உதவிக்காரர்கள் முன்னதாகச் சோதிக்கப்படவேண்டும் என்று தம் உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதியதைத்தான் இந்தப் போதகர் அப்படியே செய்கிறார். பாடத் தெரிந்தவரையும் பேசத் தெரிந்தவரையும் கண்ட மறுவாரமே மேடையேற்றிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நாம்தான். கொரிந்து சபையாரிடம், தமக்கு வேறு நற்சாட்சி நிருபம் (கடிதம்) வேண்டியதில்லை, நீங்களே எங்கள் நிருபம் என்று சொல்லும் உரிமை பவுலுக்கு இருந்ததென்றால், அவர் அந்தப் பட்டணத்தில் ஒரு வருஷமும் ஆறு மாதமும் தங்கி அவர்களுக்குப் போதித்திருந்ததனால்தான். என் கணக்கு அதற்கே இன்னும் 4 மாதம் குறைகிறது.

வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதியோர் இல்லத்தில் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை வேலை. பனிக்காலத்தில் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. படுத்த படுக்கையாயிருப்பவர்களை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது என் பொறுப்பு. தவறினால் படுக்கைப்புண் வந்துவிடும். குதிகாலும் இடுப்பும் முதுகின் அடிப்பகுதியும்தான் முதலில் சிவக்கும் இடங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் கட்டிலின் காலடியில் தொங்கும் தாளில் நேரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

அப்பா, அந்தத் தாளில் நான் ஒருநாள் பொய் எழுதினேன். பனி கொட்டிய ஓர் இரவு, முதுகுவலி தாங்கவில்லை. 4 மணிக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையெழுத்தை மட்டும் போட்டேன். 6 மணிக்குப் போர்வையை விலக்கிப் பார்த்தால், வாய் பேச முடியாத ஒரு மூதாட்டியின் வலது குதிகால் சிவந்திருந்தது. அழுத்தினேன், வெளுக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" என்று கொலோசெயருக்கு எழுதிய வசனத்தை எத்தனை பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்திருப்பேன்! அந்த வசனம் பிரசங்கிமாருக்கு எழுதியதல்ல, எஜமானின் வீட்டில் உழைத்த அடிமைகளுக்கு எழுதியது என்பது அந்தக் கட்டிலருகே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வேலைக்கே ஊழியம் என்றுதான் நம் வேதாகமம் பெயர் வைத்திருக்கிறது. நாமோ அந்தச் சொல்லைப் பிரசங்கபீடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கிவிட்டோம்.

குதிகாலைத் தலையணையால் உயர்த்தி வைத்துவிட்டு, மேற்பார்வைச் செவிலியரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. தாளில் என் கையெழுத்தை அடித்துவிட்டு, "செய்யப்படவில்லை" என்று என்னையே எழுதச் சொன்னார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த 3 மாதங்களுக்கு நான் செய்யும் ஒவ்வொன்றையும் இன்னொருவர் வந்து சரிபார்த்தார். அம்மாவுக்கு இதையெல்லாம் தொலைபேசியில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. மூதாட்டியின் சிவப்பு புண்ணாகாமல் சில நாட்களில் மறைந்தது. அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன்.

அந்த 3 மாதங்களில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது பிலிப்பியர் 2-ஆம் அதிகாரம். தீமோத்தேயுவின் உத்தமகுணத்தை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்று பவுல் எழுதுகிறார். அங்கே உத்தமகுணம் என்று மொழிபெயர்த்திருக்கும் அதே கிரேக்கச் சொல்தான், ரோமர் 5-இல் "பொறுமை பரீட்சையையும்" என்ற இடத்தில் பரீட்சை என்று வருகிறதாம். இங்குள்ள போதகர் வேதபாட வகுப்பில் சொன்னார். சோதித்துப் பார்த்துத் தேறினது என்று பொருள். தீமோத்தேயு பிறவியிலேயே அப்படி வாய்த்தவன் என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன். லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் உள்ள சகோதரர் நற்சாட்சி சொன்ன பிள்ளைதான் அவன். ஆனால் பிலிப்பியர் அவனை அறிந்தது அந்தச் சாட்சியினால் அல்ல, தகப்பனோடு பிள்ளை பாடுபடுவதுபோல அவன் பவுலோடு பாடுபட்டதைத் தாங்களே கண்டதனால்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தின் முடிவில், உடன்வேலையாட்கள் என்று மாற்கையும் தேமாவையும் பவுல் ஒரே வரியில் சேர்த்திருக்கிறார். மாற்கு முன்பு பம்பிலியாவில் பாதிவழியில் திரும்பிப்போனவன். அவனைக் குறித்துத்தான் பவுலும் பர்னபாவும் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்தார்கள். தேமாவைப் பற்றி அதுவரை ஒரு குறையும் எழுதப்படவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுலின் கடைசி நிருபத்திலோ, தேமா உலக ஆசையால் அவரைவிட்டுப் போய்விட்டான். அடுத்த வசனத்திலேயே, மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இடையிலிருந்த வருஷங்களில் மாற்கு என்ன செய்தான் என்று ஒருவரும் விவரித்து எழுதி வைக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய ஆறுதலாயிருந்தது.

சென்ற வாரம் புதிதாய் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். மேற்பார்வைச் செவிலியர் ஒன்றும் சொல்லாமல் அவளை என்னோடு அனுப்பிவைத்தார். அந்த மூதாட்டியின் அறைக்குத்தான் முதலில் அழைத்துப்போனேன். போர்வையை விலக்கி, குதிகாலில் விரல் வைத்து எப்படி அழுத்திப் பார்ப்பது என்று காட்டிக்கொடுத்தேன். கையெழுத்தை அதற்குப் பிறகுதான் போடச் சொன்னேன்.

சபையில் இன்னும் நாற்காலிதான் அடுக்குகிறேன், அப்பா. நீங்கள் கேட்ட அறிக்கை என்னிடம் இல்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தைச் சபையில் வாசிக்க வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டுங்கள், அந்தப் பனி இரவைப் பற்றிய பகுதியையும் விட்டுவிடாமல்.

உங்கள் அன்பு மகள்