நடுக்கோடு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்திக்கு அம்மை போட்டிருந்தது, அதுதான் தாமதம். நேற்றுத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம்.

முழங்கால் வலி என்று எழுதியிருந்தாய். ஹாஸ்டல் சிமென்ட் தரையில் கூடைப்பந்து ஆடி நாம் விழுந்ததற்கு வலிக்காமல் என்ன செய்யும்! இந்த மூன்று வாரமும் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை நெரா வைட் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். டென்னஸியில் பண்ணைக் குடும்பத்தில் 1935இல் பிறந்தவர். உயரம் ஆறடி ஓரங்குலம். நாஷ்வில்லில் ஆசிரியர் படிப்புக்குச் சேர்ந்த பீபாடி கல்லூரியில் பெண்களுக்கு அணியே கிடையாது. அதனால் அதே ஊர் பிசினஸ் காலேஜ் அணிக்கு ஆடியிருக்கிறார். நம்மூர் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் இன்ஸ்டிட்யூட் மாதிரி ஒன்று. அந்த அணியோடு 10 தேசிய அமெச்சூர் பட்டம். அதில் 1962 முதல் 1969 வரை விடாமல் எட்டு!

நீ சிரிக்கப்போகும் விஷயம் இனிமேல்தான். அப்போது அங்கே பெண்கள் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஆறு பேர். மூன்று பேர் கூடை போட, மூன்று பேர் தடுக்க. நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. பந்தை இஷ்டத்துக்குத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. முழுக் கோர்ட்டும் ஓடினால் பெண் உடம்பு தாங்காதாம். களத்துமேட்டில் பொழுதெல்லாம் நின்ற நம் பாட்டிகள் கேட்டிருக்க வேண்டும் இதை.

உலகப் போட்டியிலோ ஐந்து பேர், முழுக் கோர்ட். ஊரில் பாதிக் கோர்ட்டில் ஆடிப் பழகியவர்கள் 1957இல் ரியோவுக்குப் போய், இறுதியில் சோவியத் அணியை 51-48 என்று ஜெயித்துவிட்டார்கள். சிறந்த வீராங்கனை யார் என்கிறாய்? இவர்தான்.

1969இல் அணி கலைந்தது. பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்குக்கு வந்ததே 1976இல். இவர் அதற்குள் பண்ணைக்குத் திரும்பிவிட்டார். 1992இல் லூசியா ஹாரிஸோடு சேர்த்து இவரையும் நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது கூடைப்பந்துச் சாதனையாளர்களின் கௌரவப் பட்டியலில், சேர்த்தார்கள். அதுவரை வீராங்கனை யாருக்கும் அங்கே இடம் கிடைத்ததில்லை. 2016இல் காலமானார்.

மாநில அணிக்கு ஆள் எடுத்த அன்றைக்குத்தான் உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள், ஞாபகமிருக்கிறதா? பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு, காலில் கான்வாஸ் ஷூவோடு உட்கார்ந்திருந்தாயே!

அப்புறம், பேத்தி மொட்டை மாடியில் வளையம் மாட்டச் சொல்கிறாள். ஒன்பது வயது. பத்தடியிலேயே மாட்டட்டுமா, கொஞ்சம் இறக்கியா? நீ சொன்னால் சரி.

அன்புடன்,
மாலதி