இன்றைக்கு வண்டி ஓடுமா என்று மட்டும் சொல்லுங்கள்

பயணச் செயலிகளை எழுதும் நிரலாளர்களுக்கும், போக்குவரத்து நிறுவனங்களின் தகவல் பிரிவில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். வேலைநிறுத்தம் செய்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கோரிக்கை வேறு பேச்சு. அன்றைக்குக் காலையில் நிறுத்தத்தில் நிற்பவரின் கையில் இருக்கும் போனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன வேலைநிறுத்தத்தன்று ஆறே முக்காலுக்கே நிறுத்தத்துக்குப் போய்விட்டேன். எல்லாரும் வைத்திருக்கும் பெரிய செயலி ‘4 நிமிடத்தில் பேருந்து’ என்றது. நான்கு நிமிடம் கழிந்ததும் அந்த வரி மறைந்து ‘12 நிமிடம்’ என்று வந்தது. அப்புறம் அதுவும் மறைந்தது. பக்கத்தில் மருத்துவமனைச் சீட்டோடு நின்ற அம்மா, “வருதாப்பா?” என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் “வருதும்மா” என்றேன். அது இன்னும் உறுத்துகிறது.

என் போனில் இன்னொரு சின்னச் செயலி உண்டு. படம் கிடையாது, வரைபடம் கிடையாது, வெறும் எழுத்து. அட்டவணையை இரவே இறக்கி வைத்துக்கொள்ளும். சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்கும். கடைசியில் அதைத் திறந்தேன். முதல் வரியிலேயே இருந்தது: ‘இன்று வேலைநிறுத்தம். பேருந்து இல்லை. ரயில் உண்டு.’ கீழே, அந்தத் தகவல் எத்தனை மணிக்கு வந்தது என்ற குறிப்பு. நானும் அந்த அம்மாவும் ரயில் நிலையத்துக்கு நடந்தோம்.

இது பெரிய வித்தை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். பேருந்து, ரயில் அட்டவணைகளைச் செயலிகளுக்குத் தருவதற்காக, 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமான டிரைமெட்டும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய ஜிடிஎஃப்எஸ் (GTFS) வடிவம், காற்புள்ளியால் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். விதிவிலக்கு நாட்களுக்கென்றே அதில் ஒரு கோப்பு இருக்கிறது. தேதிக்குப் பக்கத்தில் 1 போட்டால் அன்றைக்குச் சேவை கூடும். 2 போட்டால் நீங்கும். மாற்றங்களை உடனுக்குடன் சொல்வதற்காக 2011-இல் வந்த அதன் நிகழ்நேர வடிவத்தின் அறிவிப்புகளில், காரணம் குறிக்கும் பட்டியலில் விபத்து, வானிலையோடு ‘வேலைநிறுத்தம்’ என்ற சொல்லும் இருக்கிறது. என்னைப் போன்ற ஒருவர் நிறுத்தத்தில் நிற்பதை யாரோ முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால், செயலி வழக்கமான அட்டவணையை நம்பி, வராத வண்டியை வருவதாகக் காட்டிக்கொண்டே இருக்கும்.

ஆகவே தகவல் பிரிவினரே, முந்தின இரவே அதை நிரப்புங்கள். முடிவாகவில்லை என்றால் ‘முடிவாகவில்லை’ என்றே போடுங்கள். அதை வைத்துக்கூட நாங்கள் வேறு வழி பார்ப்போம். 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் வேலைநிறுத்தத்தின்போது பயணிகளின் தரவை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 5% பேர் அன்றைக்குக் கண்டுபிடித்த புது வழியிலேயே பிறகும் போனதாகக் கண்டார்கள். நானும் இப்போது வாரத்தில் இரண்டு நாள் அந்த ரயிலில்தான் போகிறேன்.

நிரலாளர்களே, நிமிடக் கணக்கு வண்டியிலிருந்து வருகிறதா, வெறும் அட்டவணையிலிருந்து வருகிறதா என்று பார்த்ததும் தெரியும்படி எழுதுங்கள். எழுத்து முதலில் வரட்டும், வரைபடம் பிறகு வந்தால் போதும். நிறுத்தத்தில் நூறு பேர் ஒரே நேரத்தில் போனைத் திறக்கும் காலை அது.

சின்னச் செயலியை எழுதியவருக்குத் தனியாக ஒன்று. உள்நுழையச் சொல்லாமல், பொத்தான்களை இடம் மாற்றாமல், இத்தனை வருடமாக என் பழைய போனிலும் அது சட்டென்று திறக்கிறது. பார்க்காமலே என் விரல் சரியான இடத்துக்குப் போகிறது. அதற்கு மனமார்ந்த நன்றி. புதுப் பதிப்பு போடுவதாக இருந்தால், அந்த முதல் வரியை மட்டும் அங்கேயே இருக்க விடுங்கள்.

அன்புடன்,
ஒரு தினசரிப் பயணி