பிள்ளைகளே படம் பிடித்துச் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பத்தாம், பதினோராம் தரப் பெண்பிள்ளைகள் சிலர் எச்.ஐ.வி. தடுப்பு பற்றிக் கைபேசியில் ஒரு குறுங்காணொளி எடுத்தார்கள். கதையும் நடிப்பும் அவர்களுடையவையே. ஒத்திகையின்போது ஒரு பிள்ளை, "நுளம்பு கடிச்சால் வருமா?" என்று கேட்டாள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அவள். வராது என்று அவளுக்கு விளக்கியவளும் அவள் வயதுத் தோழிதான்.

வளர்ந்தவர்கள் பலருக்கே தெரியாதவற்றை அந்தப் பிள்ளைகள் கற்றிருந்தார்கள். ஆளைப் பார்த்துத் தொற்றைக் கண்டுபிடிக்க முடியாது. இரத்தப் பரிசோதனை வேண்டும். தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று அஞ்சினால் 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு உள்ளாகும் பிள்ளைக்கு இந்த ஒரு தகவல் எவ்வளவு பெறுமதியானது! பயத்தில் அவள் மறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் இழப்புத்தான்.

தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கர்ப்பிணிகளுக்கு இவ்வளவு செய்யும் நாம், பதின்ம வயதினரிடம் மட்டும் ஏன் பேசத் தயங்குகிறோம்?

பிள்ளைகளே இத்தகைய காணொளிகளை எடுப்பதற்கு யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் ஓரிரு பாடவேளைகளை ஒதுக்க வேண்டும். தகவல்களை வைத்தியர் ஒருவர் சரிபார்க்கட்டும். பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகளின் முகங்களை வெளியிட வேண்டாம். யாழ். போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருப்பதையும் ஒவ்வொரு காணொளியும் சொல்லட்டும்.

ஒரு தாய்,
கோப்பாய்