தாளைப் பார்த்துத்தான் மாட்டினோம்: சர்வீஸ் கிட்டின் தமிழ்ச் செய்முறைத் தாள் பற்றிய புகார்

அனுப்புநர்:
சொந்த லாரி ஓட்டுநர்கள்,
மாதவரம், சென்னை – 60.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை.

பொருள்: டீசல் லாரி ஆயில், டீசல் ஃபில்டர் கிட் – தமிழ்த் தாளில் தவறான செய்முறை – இன்ஜெக்டர் சேதம் – இழப்பீடும் திருத்தமும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் சர்வீஸ் கிட் ஒன்றை ஜி.பி. ரோட்டில் பில் போட்டு வாங்கி, ஆறு சிலிண்டர் பிஎஸ்6 (புகை மாசு விதி) லாரி ஒன்றுக்கு ஷெட்டிலேயே மாற்றினோம். பெட்டியில் ஆயில் ஃபில்டர் ஒன்று, டீசல் ஃபில்டர் இரண்டு, டிரெயின் பிளக்குக்குச் செம்பு வாஷர், ஓ-ரிங், ஒரு பக்கம் ஆங்கிலமும் மறுபக்கம் தமிழுமாக அச்சிட்ட செய்முறைத் தாள் ஆகியவை இருந்தன. மாற்றி 600 கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஐடிலில் எஞ்சின் நடுங்க ஆரம்பித்தது, இழுவை குறைந்தது, மூன்றாம் சிலிண்டருக்கு டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் போய்விட்டது. டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் பிரித்தபோது ஊசியின் மேல் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் இருந்தன. நாள்பட்டுத் தேய்ந்த ஊசி ஒரே சீராகப் பளபளக்கும். இது துகள் சிக்கி இழுத்த தடம்.

இழப்பீடு கேட்டதற்கு உங்களிடமிருந்து வந்த பதில் ஒரே வரிதான்: "பொருத்தியதில் தவறு, வாரண்டி பொருந்தாது." பொருத்தியதில் தவறு இருந்தது உண்மை. ஆனால் டீசல் நிரப்பிப் பொருத்தியது உங்கள் தாளில் சொன்னபடிதான். ஃபில்டரில் குறை சொல்ல எதுவும் இல்லை. கிட்டில் வந்த ஃபில்டரைக் கழற்றி, உறையை வெட்டிப் பார்த்தோம்: மடிப்புகள் சீராக இருக்கின்றன, பசை விடவில்லை, நடுக்குழாய் நசுங்கவில்லை. நல்ல ஃபில்டரைச் செய்து, அதனுடன் எஞ்சினைக் கெடுக்கும் தாளை வைத்து அனுப்புகிறீர்கள் என்பதுதான் எங்கள் புகார்.

தமிழ்ப் பக்கத்தின் 6-ஆம் படி இப்படி இருக்கிறது: "இரண்டு புதிய டீசல் வடிகட்டிகளையும் சுத்தமான டீசலால் நிரப்பிப் பொருத்தவும்." அதே தாளைத் திருப்பினால் ஆங்கிலப் பக்கத்தின் 6-ஆம் படியில், செகண்டரி ஃபில்டரில் (ஹை பிரஷர் பம்புக்கு முன் கடைசியாக உள்ள இரண்டாவது ஃபில்டர்) முன்கூட்டி டீசல் நிரப்பக் கூடாது, கைப்பம்பால்தான் நிரப்ப வேண்டும் என்று இருக்கிறது. 'கூடாது' என்ற ஒரு சொல் மொழிபெயர்ப்பில் விழுந்துபோய், செய்யக் கூடாததைச் செய்யச் சொல்லும் தாளாகிவிட்டது. ஆங்கிலம் படிப்பவரின் எஞ்சின் தப்பிக்கிறது. தமிழ் மட்டும் படிப்பவரின் எஞ்சின் கெடுகிறது.

பழைய பம்ப் வண்டிகளில் டீசல் ஊற்றி மாட்டும் பழக்கம் எல்லா ஷெட்டிலும் உண்டு. சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும், கைப்பம்பு அடிக்கும் வேலை மிச்சம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வந்த பிறகு அந்தப் பழக்கம் ஆபத்தாகிவிட்டது. ஃபில்டருக்குள் டீசல் வெளி ஓரத்துச் சின்னத் துளைகள் வழியாக நுழைந்து, காகித மடிப்பைத் தாண்டி, நடுத்துளை வழியாக வெளியே போகிறது. நடுத்துளைப் பக்கம் சுத்தமான பக்கம். அங்கே கேனிலிருந்து ஊற்றும் டீசல் எந்தக் காகிதத்தையும் தாண்டாமல் நேராக ஹை பிரஷர் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போய்விடும். மேலிருந்து பார்ப்பவருக்குப் பெரிய துளையாகத் தெரிவதும் அதுதான். நிரப்பு என்றால் யாரும் அதில்தான் ஊற்றுவார்கள்.

"சுத்தமான டீசல்" என்று தாளில் போட்டதால் பாதுகாப்பு வந்துவிடாது. மனிதக் கண்ணுக்குத் தனியாகத் தெரியும் மிகச் சிறிய துகள் சுமார் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இன்ஜெக்டர் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான் அளவு. ரெயிலில் அழுத்தம் 1,600 பாருக்கு மேல். அந்த அழுத்தத்தில் ஐந்து மைக்ரான் மணல் துகள் அரம் போல வேலை செய்யும். கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தாலும் அந்தத் துகள் தெரியாது. கன்டெய்னர் வண்டிகள் புழுதி கிளப்பும் மணலி, எண்ணூர் பக்கத்து ஷெட்டில் திறந்து வைத்த கேனில் அது இல்லாமல் இருக்காது. செகண்டரி ஃபில்டரை நீங்கள் செய்வதே அந்த அளவுத் துகளைப் பிடிக்கத்தான். பிடிக்க வேண்டியதை அதற்கு அந்தப் பக்கம் ஊற்றச் சொல்லியிருக்கிறீர்கள்.

அடுத்தது 7-ஆம் படி. ஆங்கிலத்தில், கேஸ்கெட் தொட்டதும் 3/4 சுற்று இறுக்கவும் என்று இருக்கிறது. தமிழில் "3-4 சுற்று" என்று அச்சாகியிருக்கிறது. சாய்கோடு சிறுகோடானதால் முக்கால் சுற்று, மூன்று முதல் நான்கு சுற்று ஆகிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியுள்ள ஃபில்டர் முக்கால் சுற்றில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஏறும். கேஸ்கெட் அளவாக நசுங்கி அடைக்கும். மூன்று சுற்றுக்கு நாலரை மில்லிமீட்டர், நான்கு சுற்றுக்கு ஆறு மில்லிமீட்டர். அவ்வளவு நசுங்க அந்த ரப்பரில் இடமே இல்லை. கையால் முடியாதபோது செயின் ஸ்பேனர் போடுவார்கள், தாளில் எழுதியிருக்கிறதே என்று. கேஸ்கெட் பிதுங்கிக் கிழியும், உறை உட்குழியும், ஃபில்டர் மாட்டும் அலுமினிய ஹெட்டில் மரை போகும். அடுத்த சர்வீஸில் கழற்றும்போது உறை மட்டும் பிய்ந்து வந்து, தட்டு எஞ்சினிலேயே நிற்கும். எங்கள் வண்டியில் இது நடக்கவில்லை. தாள் சொன்ன முழு அளவும் இறுக்க யாருக்கும் கை வரவில்லை என்பதுதான் காரணம். புதிதாகச் செய்பவர் தாளைத்தான் நம்புவார்.

ஓ-ரிங் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பெட்டியின் மேல் இரண்டு என்று போட்டிருக்கிறது, உள்ளே ஒன்றுதான் இருந்தது. பிரைமரி ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேரும் கிண்ணத்துக்கு ஒன்று, அந்தத் தண்ணீரை வடிக்கும் பிளக்குக்கு ஒன்று வேண்டும். சின்னதுதானே என்று பழையதையே போட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிரைமரி ஃபில்டர் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே, உறிஞ்சும் பக்கம் இருக்கிறது. அங்கே கசிவு இருந்தால் டீசல் சொட்டாது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு இருக்காது, காலையில் மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி, ஸ்டார்ட்டர் என்று இரண்டு நாள் தேடிய பிறகுதான் ஓ-ரிங் ஞாபகம் வரும்.

தாளில் ஆயில் பற்றி "15W-40 ஊற்றவும்" என்று மட்டும் இருக்கிறது. பிசுக்குத்தன்மை சொன்னால் போதாது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 விதிப்படியான டீசல் லாரிகளில் புகைத்துகள் பிடிக்கும் டிபிஎஃப் இருக்கிறது. சாம்பல் அதிகம் விடும் பழைய தர ஆயிலை ஊற்றினால் அந்தச் சாம்பல் எரியாமல் அதில் தங்கி அடைத்துக்கொள்ளும். சல்ஃபேட்டட் சாம்பல் ஒரு சதவீதத்தைத் தாண்டாத சிகே-4 தரம், அல்லது வண்டி மேனுவலில் சொன்ன தரம், என்று தாளில் இருக்க வேண்டும். மாற்றும் இடைவெளியைக் கிலோமீட்டரில் மட்டும் போட்டிருப்பதும் சென்னைக்குப் பொருந்தாது. துறைமுகத்துக்கு முன்னால் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் டிரெய்லரின் மீட்டர் ஓடாது, ஆயில் மட்டும் கெட்டுக்கொண்டே இருக்கும். எஞ்சின் மணிக்கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

புகாரோடு நிறுத்தாமல், தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறோம். ஷெட்டில் செய்கிறவர் செய்யும் வரிசையில் இருப்பதால் அப்படியே அச்சிடலாம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்கவும். எஞ்சினை ஓட விட்டு, ஆயில் சூடேறியதும் நிறுத்தவும். சூடான ஆயில்தான் அடியில் தங்கிய கசடோடு இறங்கும், ஆனால் கொதிக்கக் கொதிக்கப் பிளக்கைக் கழற்றினால் கை வெந்துபோகும். சூடு சற்றுத் தணிந்ததும் கழற்றி, சொட்டு நிற்கும் வரை வடிய விடவும். பிளக்கில் ஒட்டிய தூளைப் பார்க்கவும்: மாவு மாதிரி இருந்தால் இயல்பு, சில்லு சில்லாக இருந்தால் சர்வீஸை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டவும். புதுச் செம்பு வாஷர் போட்டு, மேனுவல் சொன்ன டார்க்கில் (இறுக்கும் முறுக்கு அளவில்) மூடவும்.

பழைய ஆயில் ஃபில்டர் கழன்று வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் ரப்பர் கூடவே வந்ததா என்பதை. ஹெட்டில் ஒட்டிக்கொண்ட பழைய ரப்பரின் மேல் புது ஃபில்டரை மாட்டினால் ஐடிலில் ஒன்றும் தெரியாது. ரோட்டில் அழுத்தம் ஏறும்போது இரட்டை ரப்பர் பிதுங்கி மொத்த ஆயிலும் வெளியேறிவிடும், எஞ்சின் சீஸ் ஆகி (இறுகி) நின்றுவிடும். இந்த எச்சரிக்கை உங்கள் தாளில் எந்த மொழியிலும் இல்லை. ஹெட்டைத் துடைக்க நூல் உதிராத துணி வேண்டும். ஷெட்டில் கையில் கிடைப்பது பனியன் வேஸ்ட், அதன் இழை டீசல் பாதையில் போனால் வேறு தொல்லை. புது ரப்பரில் புது ஆயிலை விரலால் தடவி, தொட்ட பிறகு "முக்கால் சுற்று" என்று எழுத்தில் அச்சிடவும், பின்னமாக வேண்டாம்.

டீசல் பக்கம், கழற்றுவதற்கு முன் இரண்டு ஃபில்டரையும் சுற்றியுள்ள அழுக்கைத் துடைக்கவும். புது ஃபில்டரின் மூடியை மாட்டும் நிமிடத்தில்தான் எடுக்கவும். செகண்டரியை வெறுமையாக மாட்டவும். ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பைக் குமிழி நிற்கும் வரை அடித்து, டீசல் கம்பியாக வந்ததும் மூடி, பம்பு கல்லாக இறுகும் வரை மறுபடி அடிக்கவும். நூறு, நூற்றைம்பது அடி ஆகலாம். பிறகு ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டரை 30 வினாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றக் கூடாது, இரண்டு நிமிடம் ஆற விட்டு மறுபடி முயலவும். ஏர் எடுக்கிறேன் என்று காமன் ரெயில் வண்டியில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது. பழைய வண்டிக்காரர்கள் கை அதற்குத்தான் முதலில் போகும். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியில் ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். இதைச் சிவப்பு எழுத்தில் போடுங்கள்.

ஆயிலை மேனுவல் அளவுக்கு இரண்டு லிட்டர் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து, அழுத்த விளக்கு அணைந்ததும் சில நிமிடம் ஐடிலில் விடவும். ஆக்ஸிலரேட்டர் கொடுக்க வேண்டாம், டர்போ பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரட்டும். நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டிக் பார்த்து மீதியைச் சேர்க்கவும், மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரைத் தினமும் வடிக்கவும். பாதி டேங்கோடு இரவு நிற்கும் வண்டியில் ஈரக் காற்று குளிர்ந்து தண்ணீராக இறங்கும். கழிவு ஆயில் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயகரக் கழிவு. சாக்கடையில் ஊற்றாமல், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் கோரிக்கைகள் மூன்று. இன்ஜெக்டர் மாற்றிய செலவையும் கூலியையும் இணைத்துள்ள பில்படி தர வேண்டும். கடைகளில் இருக்கும் பெட்டிகளிலிருந்து இந்தத் தமிழ்த் தாளைத் திரும்பப் பெற வேண்டும், அதுவரை 6, 7-ஆம் படிகளை மறைத்து ஒட்டும் திருத்தச் சீட்டையாவது அனுப்ப வேண்டும். விட்டுப்போன ஓ-ரிங்கை எல்லாக் கிட்டிலும் சேர்க்க வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84-ஆம் பிரிவு, சரியான பயன்பாட்டுக்குப் போதிய அறிவுரை தராத தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக ஓட்டும் ஒற்றை லாரிக்காரரும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். 30 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வோம். கழற்றிய இன்ஜெக்டர், இரண்டு ஃபில்டர்கள், தாள், பெட்டி எல்லாம் ஷெட்டில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் இன்ஜினியர் எந்த நாளும் வந்து பார்க்கலாம். வரும்போது தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரையும் அழைத்து வரச் சொல்லுங்கள், தாளின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறித் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
சொந்த லாரி ஓட்டுநர்கள்,
மாதவரம்.