வாடகை குறைந்த ஜெர்மன் ஊர்: கணக்கில் வராத செலவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் தமிழ்நாட்டுச் செவிலியர்களும் பொறியாளர்களும் பெருகிவரும் நேரத்தில், ‘ஐரோப்பாவின் மலிவான, பாதுகாப்பான ஊர்கள்’ என்ற பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகின்றன. ஊருக்கு நேராக வாடகை மட்டும் இருக்கும். அதை மட்டும் நம்பிக் குடும்பத்தோடு குடியேறுவது ஆபத்து.

கெர்லிட்ஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் கிழக்குக் கோடி. நைஸே ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் போலந்து. இரண்டாம் உலகப் போரில் பெரிய சேதம் இல்லாததால், பாதுகாக்கப்பட்ட பழங்காலக் கட்டடங்கள் மட்டும் சுமார் 4,000 உள்ளன. 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் ஆலைகள் மூடப்பட்டன, இளைஞர்கள் மேற்கே போனார்கள், வீடுகள் காலியாயின. மியூனிக்கில் சதுர மீட்டருக்கு 20 யூரோவைத் தொடும் வாடகை இங்கே 6 யூரோவை ஒட்டி இருப்பது அதனால்தான்.

ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது ‘கால்ட்மீட்டே’, அதாவது வெறும் வாடகை. 60 சதுர மீட்டர் வீட்டுக்கு 360 யூரோ. தண்ணீர், குப்பை, வெப்பமூட்டல் எல்லாம் சேர்ந்த ‘வார்ம்மீட்டே’ 500 யூரோவைத் தாண்டலாம். மின்சாரமும் இணையமும் தனி. டிவி இல்லாத வீடும் மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கட்ட வேண்டும்.

பலர் ஏமாறுவது வெப்பமூட்டலில்தான். வீட்டின் எரிசக்திச் சான்றிதழில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 150 யூனிட் (கிலோவாட்-மணி) என்றிருந்தால், 60 சதுர மீட்டருக்கு 9,000 யூனிட். எரிவாயு யூனிட் 11 சென்ட் என்றால் ஆண்டுக்கு 990 யூரோ. இதில் ஒரு நுணுக்கம்: பாதுகாக்கப்பட்ட பழங்காலக் கட்டடங்களுக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. உயரமான கூரையும் பழைய ஜன்னலும் கொண்ட அந்த வீடுகள்தான் வெப்பத்தை அதிகம் விழுங்கும். எனவே முந்தைய ஆண்டின் வெப்பமூட்டல் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெப்பமூட்டலுக்காக மாதாமாதம் வாங்கும் முன்பணத்தை வீட்டு உரிமையாளர் குறைவாகக் காட்டினால், ஆண்டுக் கணக்கு வரும்போது மீதியை மொத்தமாகக் கட்ட நேரிடும். குளிருக்குப் பயந்து ஜன்னலை முழுதாகத் திறக்காமல், மேல்பக்கம் மட்டும் சாய்த்துத் திறந்தபடியே நாள் முழுவதும் வைத்தால் அதைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்து, சமையல் ஆவி படிந்து பூஞ்சை பிடிக்கும். தினமும் இரண்டு மூன்று முறை, ஐந்து முதல் பத்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடுவதே சரி.

சமையலறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல ஜெர்மன் வீடுகளில் அடுப்பு, அலமாரி மட்டுமல்ல, பாத்திரம் கழுவும் தொட்டிகூட இருக்காது. முன்வைப்புத் தொகை சட்டப்படி மூன்று மாதக் கால்ட்மீட்டேக்கு மேல் போகக்கூடாது. மூன்று தவணையாகவும் கட்டலாம். ‘வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்பவர் மோசடிக்காரர்.

பாதுகாப்பைக் காவல்துறையின் ஆண்டுப் புள்ளிவிவரத்தில் பார்க்கலாம், ஆனால் வகை பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லை ஊர்களில் அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்த வழக்குகளும் சேர்ந்து மொத்த எண்ணை ஏற்றிவிடும். அவற்றை நீக்கிய கணக்கும் வெளியிடப்படுகிறது. கெர்லிட்ஸில் கார், சைக்கிள் திருட்டு கவனிக்க வேண்டிய விஷயம். நிறம் வேறான நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கெர்லிட்ஸ் அமைந்துள்ள சாக்சனி மாநிலத்தில் இனவெறித் தாக்குதலுக்கு ஆளானோருக்கு உதவும் ஆலோசனை மையங்கள் மாவட்டவாரியாக ஆண்டுக் கணக்கு வெளியிடுகின்றன. தரகர்கள் இதைச் சொல்வதில்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

வேலை சாக்சனியின் தலைநகர் டிரெஸ்டனில், வீடு கெர்லிட்ஸில் என்று திட்டமிடுபவர்கள் காலையில் முதல் ரயிலும் இரவில் கடைசி ரயிலும் எப்போது என்று, அதுவும் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் பாருங்கள். இடையே சுமார் 100 கிலோமீட்டர். உள்ளூர் ரயில்களுக்கான ஜெர்மனி டிக்கெட் அதிவேக ஐ.சி.இ. ரயிலில் செல்லாது. குழந்தை இருந்தால், புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் குழந்தை மருத்துவர் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் தரும் உறுதிச் சீட்டு தேவை. அதைத் தர மறுக்கும் வீட்டை எடுக்காதீர்கள்.

சில வாரம் தங்கிப் பார்க்கும் ‘ப்ரோபெவோனன்’ திட்டத்தைக் கெர்லிட்ஸ் நடத்தியிருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் இன்னொரு ஊரான ஐஸன்ஹுட்டன்ஷ்டாட் 2025-இல் இரண்டு வாரம் இலவசமாக வீடு கொடுத்தது. அந்த வாய்ப்புக் கிடைக்காதவர்கள், ஜனவரியில் ஒரு வாரம் வாடகை அறையில் தங்கி ஊரைப் பார்க்கட்டும். வெளிநாட்டு ஊர்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதும்போது வார்ம்மீட்டேயைச் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்